திறந்து கிடந்த கதவு! அடைக்க வந்த கணக்குப்பிள்ளை!

76 நாள் கதவு திறந்து கிடந்தது.

திருடர்கள் வந்தார்கள். போனார்கள். மறுபடியும் வந்தார்கள். கேட்பார் இல்லை!

அவர்கள் கொண்டுபோனது பணம் அல்ல. நகை அல்ல. சுமார் 14 கோடியே 70 லட்சம் பேருடைய பெயர், பிறந்த தேதி, அரசாங்கம் கொடுத்த அடையாள எண்!

இது நடந்தது அமெரிக்காவில். 2017-ம் ஆண்டில்.

அட்லாண்டா நகரில் "எக்விபாக்ஸ்" என்று ஒரு பெரிய கம்பெனி இருக்கிறது. யார் யார் கடன் வாங்கினார்கள், ஒழுங்காகத் திருப்பிக் கட்டினார்களா என்று கணக்கு வைத்திருப்பதுதான் அதன் தொழில். கணக்கு முழுவதும் கம்ப்யூட்டரில் இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடிய புரோகிராம்களில் ஒன்று "அபாச்சி ஸ்டிரட்ஸ்". அது எக்விபாக்ஸ் கம்பெனி எழுதியது அல்ல. வெளியார் எழுதியது. உலகம் முழுவதும் பல கம்பெனிகள் அதை எடுத்துப் பயன்படுத்தி வந்தன.

அதில் ஓர் ஓட்டை இருந்தது. எழுதியவர்கள் அதை அடைத்துவிட்டார்கள். மார்ச் 7-ந் தேதி, "ஓட்டையை அடைத்துப் புதிய பதிப்பு வெளியிட்டு இருக்கிறோம்" என்று உலகத்துக்கு அறிவித்தார்கள்.

எக்விபாக்சுக்கும் சேதி போயிற்று. "48 மணி நேரத்துக்குள் புதிய பதிப்பைப் போட்டுவிட வேண்டும்" என்று கம்பெனிக்குள் உத்தரவும் போயிற்று. ஆனால் ஓர் இடத்தில் மட்டும் பழைய பதிப்பு அப்படியே இருந்துவிட்டது. அது அங்கே இருக்கிறது என்பதே அவர்கள் தேடியபோது அகப்படவில்லை.

மே 13-ந் தேதி திருடர்கள் அந்த ஓட்டை வழியாக நுழைந்தார்கள். ஜூலை கடைசியில்தான் குட்டு வெளிப்பட்டது. கம்பெனியின் தலைவர் பதவி விலகினார். 2019-ம் ஆண்டில், குறைந்தது 57 கோடியே 50 லட்சம் டாலர் கொடுக்க அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டது.

அடைத்துக் கொடுத்த ஓட்டை! அதை வாங்கிப் பொருத்தாததால் வந்த வினை!

ஏன் தயங்குகிறார்கள்?

எக்விபாக்சில் தவறியது, தேடிக் கண்டுபிடிப்பதில். வேறு பல இடங்களில் தவறுவது, பயத்தினால்!

"புதிய பதிப்பு வந்திருக்கிறதே, போடவில்லையா?" என்று கேட்டால், "வேண்டாம் ஐயா! இருப்பதும் கெட்டுப் போய்விடும்" என்பார்கள்.

இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு.

ஒரு கடைக்காரர், பில் போடுகிற புரோகிராமை ஒரு கம்பெனியிடம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது அவர் கடைக்கு முழுவதும் பொருந்தாது. பில்லின் தலைப்பில் கடையின் பெயர் பெரிதாக வர வேண்டும். பழைய பாக்கி கீழே வர வேண்டும். புரோகிராம் தெரிந்த ஒரு பையனை அழைத்து மாற்றச் சொல்கிறார். பையன் கம்பெனி எழுதிய வரிகளுக்கு நடுவே தன் வரிகளை நுழைக்கிறான். கடைக்காரருக்கு மகிழ்ச்சி.

ஆறு மாதம் கழித்துக் கம்பெனி புதிய பதிப்பை அனுப்புகிறது. வரிக் கணக்கில் மாறுதல். இரண்டு பிழைகள் திருத்தம். அதைப் போட்டால் கம்பெனியின் திருத்தங்கள் வந்துவிடும். ஆனால் பையன் எழுதிய வரிகள் பறந்துவிடும்! போடாவிட்டால் பையனின் வரிகள் பத்திரமாக இருக்கும். ஆனால் வரிக் கணக்கு தப்பாகும்!

பையன் எந்த எந்த வரியை மாற்றினான்? ஏன் மாற்றினான்? எழுதி வைக்கவில்லை. பையனும் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

அப்பால் போனால் பள்ளம், இப்பால் வந்தால் பாறை!

அமெரிக்கக் கம்பெனிக்கு வந்த சங்கடம்

இதே சங்கடம் 1989-ம் ஆண்டில் அமெரிக்காவில் "பிரிஸ்மா" என்ற கம்பெனிக்கு வந்தது. இந்தக் கம்பெனி கொலராடோ மாநிலத்தில் இருந்தது. மிகவும் வேகமான ஒரு பெரிய கம்ப்யூட்டரைச் செய்ய அது முயன்றது.

கம்ப்யூட்டரை ஓட்டும் அடிப்படைப் புரோகிராமைச் "சன்" என்ற வேறு ஒரு கம்பெனியிடம் இருந்து எடுத்துக்கொண்டது. தன் எந்திரத்துக்கு ஏற்றபடி அதில் பல மாறுதல்களைச் செய்தது. சன் கம்பெனியோ சும்மா இருக்கவில்லை. அடுத்த பதிப்பு, அதற்கு அடுத்த பதிப்பு என்று வெளியிட்டுக்கொண்டே இருந்தது.

ஒவ்வொரு பதிப்பு வரும்போதும் பிரிஸ்மா கம்பெனி தன் மாறுதல்களை அதில் மறுபடியும் ஏற்ற வேண்டும்.

அங்கே வேலை பார்த்தவர் பிரையன் பெர்லினர். இதற்கு வழி என்ன என்று யோசித்தார்.

ஆலந்து நாட்டில், ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் பல்கலைக்கழகத்தில், டிக் குரூனே என்ற ஆசிரியர் 1986-ம் ஆண்டில் ஒரு சிறிய புரோகிராமை எழுதி வெளியிட்டு இருந்தார். அது பிறந்த கதை வேடிக்கையானது. அவரும் இரண்டு மாணவர்களும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். ஒரு மாணவர் ஆபீஸ் நேரத்தில் வேலை செய்வார். இன்னொருவருக்குக் குறிப்பிட்ட நேரமே கிடையாது. ஆசிரியருக்கு மாலையில்தான் ஓய்வு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிடக் கூடாதே என்பதற்காக ஆசிரியர் அந்தப் புரோகிராமை எழுதினார். அதன் பெயர் "சி.வி.எஸ்."

பெர்லினர் அதை எடுத்துப் புதிதாக எழுதினார். ஒரு முக்கியமான வசதியையும் சேர்த்தார். 1990-ம் ஆண்டில் வாஷிங்டனில் நடந்த மாநாட்டில் அதை விளக்கிச் சொன்னார்.

அந்த வசதிதான் "கம்பெனிக் கிளை!"

இரண்டு அலமாரி

அதன் தத்துவம் மிகவும் எளிது.

வெளியில் இருந்து வந்த சரக்கை ஒரு தனி அலமாரியில் வை. அதில் கை வைக்காதே! மாறுதல்களை வேறு அலமாரியில் செய்.

அவ்வளவுதான்!

முதல் அலமாரியில் கம்பெனி அனுப்பிய பதிப்புகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கும். இரண்டாவது அலமாரியில் சொந்த மாறுதல்கள் சேர்ந்த பிரதி இருக்கும். புதிய பதிப்பு வந்தால், கம்பெனி எதை எதை மாற்றியது என்று முதல் அலமாரியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அந்த மாறுதல்களை மட்டும் இரண்டாவது அலமாரிக்குக் கொண்டு போகலாம்.

இதைக் கம்ப்யூட்டர் எப்படிச் செய்கிறது? அதற்கு ஓர் ஊறுகாய்க் கதை!

அம்மாவின் கடிதம்

கல்யாணமாகிப் போன மகளுக்கு அம்மா மாங்காய் ஊறுகாய் போடும் விதத்தை எழுதிக் கொடுத்தாள்.

"மாங்காய்த் துண்டு 1 படி. மிளகாய்த் தூள் 3 கரண்டி. நல்லெண்ணெய் 4 கரண்டி."

மாப்பிள்ளைக்குக் காரம் அதிகம் வேண்டும். மகள் தன் நோட்டில் மிளகாய்த் தூளை 5 கரண்டி ஆக்கிவிட்டாள்.

ஒரு வருஷம் கழித்து அம்மாவிடம் இருந்து கடிதம் வந்தது. அதில், "மிளகாய்த் தூள் 3 கரண்டி, நல்லெண்ணெய் 6 கரண்டி" என்று இருந்தது.

மகள் தன் நோட்டையும் அம்மாவின் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டு இடத்தில் வித்தியாசம். மிளகாய்த் தூளை மாற்றியது யார்? எண்ணெயை மாற்றியது யார்? தெரியவில்லை.

அப்போது பெட்டியில் இருந்து அம்மாவின் பழைய சீட்டு அகப்பட்டது.

குழப்பம் தீர்ந்தது! பழைய சீட்டில் மிளகாய்த் தூள் 3. அம்மா அதை மாற்றவில்லை, மகள்தான் மாற்றினாள். ஆகவே 5 இருக்கட்டும். பழைய சீட்டில் எண்ணெய் 4; மகள் அதை மாற்றவில்லை, அம்மாதான் மாற்றினாள். ஆகவே 6 வரட்டும்.

மூன்று சீட்டு இருந்தால் வழக்குத் தீர்ந்தது. இரண்டு சீட்டு மட்டும் இருந்தால் வழக்குத் தீராது!

கம்ப்யூட்டர் செய்வதும் இதுதான். பழைய மூலம் ஒன்று. கம்பெனியின் புதிய பதிப்பு ஒன்று. சொந்தப் பிரதி ஒன்று. மூன்றையும் வரி வரியாக ஒப்பிடும். ஒருவர் மட்டும் மாற்றிய வரியைத் தானே சேர்த்துவிடும்.

ஒரே வரியை இருவரும் வெவ்வேறு விதமாக மாற்றி இருந்தால்? அம்மா மிளகாய்த் தூளை 2 என்று குறைத்திருந்தால்? கம்ப்யூட்டர் தானாகத் தீர்ப்புச் சொல்லாது. "இந்த இடத்தில் மோதல் இருக்கிறது. நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள்" என்று அடையாளம் போட்டு நிறுத்திவிடும்.

பின்லாந்து வாலிபர்

பின்லாந்து நாட்டுத் தலைநகர் ஹெல்சிங்கி. அங்கே 1991-ம் ஆண்டில் 21 வயது மாணவர் ஒருவர் "லினக்ஸ்" என்ற புரோகிராமை எழுதத் தொடங்கினார். அவர் பெயர் லினஸ் டார்வால்ட்ஸ்.

யார் வேண்டுமானாலும் அதை இலவசமாக எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதைத் திருப்பி அனுப்பலாம். உலகத்தின் பல மூலைகளில் இருந்தும் திருத்தங்கள் குவிந்தன. பல வருஷம் அவர் அவற்றைத் தபால் போல வாங்கி, தாமே பார்த்துச் சேர்த்து வந்தார். வேலை மலையாகக் குவிந்தது.

2002-ம் ஆண்டில் "பிட்கீப்பர்" என்ற புரோகிராமை அவர் துணைக்கு எடுத்துக்கொண்டார். அது ஒரு தனியார் கம்பெனியின் சரக்கு. லினக்ஸ்காரர்களுக்கு இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். 2005-ம் ஆண்டில் தகராறு வந்தது. அந்த இலவசம் நின்றது.

ஆயிரக்கணக்கானவர்களின் வேலை நடுத்தெருவில்!

டார்வால்ட்ஸ் லினக்ஸ் வேலையைச் சற்று நிறுத்தி வைத்தார். ஏப்ரல் 3-ந் தேதி புதிய புரோகிராம் ஒன்றை எழுத உட்கார்ந்தார். 7-ந் தேதி அந்தப் புரோகிராம் தன் சொந்த வரிகளுக்கே கணக்கு வைக்க ஆரம்பித்துவிட்டது! ஜூன் மாதம் லினக்சின் புதிய பதிப்பு அதன் துணையோடு வெளிவந்தது.

அதன் பெயர் "கிட்". ஆங்கிலேயர் பேச்சு வழக்கில் அது ஒருவரை ஏசுகிற சொல்! "என் படைப்புகளுக்கு எல்லாம் என் பெயரையே வைக்கிறேன்" என்று டார்வால்ட்ஸ் தம்மைத்தாமே கேலி செய்துகொண்டார்.

அதே ஆண்டு ஜூலையில் ஜூனியோ ஹமானோ என்பவரிடம் கிட்டை ஒப்படைத்தார். 20 ஆண்டுகளுக்கு மேலாக அவரே அதை நிர்வகித்து வருகிறார்.

40 எழுத்துக் கைரேகை

கிட் ஒரு கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளை. யார் மாற்றினார், எந்தத் தேதியில் மாற்றினார், என்ன காரணம் சொன்னார் எல்லாம் அதன் ஏட்டில் இருக்கும்.

ஒவ்வொரு பதிவுக்கும் எண்ணும் எழுத்தும் கலந்த 40 எழுத்துக் கொண்ட ஒரு கைரேகையைப் போடும். பழைய பதிவில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினாலும் கைரேகை மாறிவிடும். கணக்கைத் திருத்தி எழுதிவிட்டு ஒளிந்துகொள்ள முடியாது!

சிறுகடையின் பையன் தன் மாறுதல்களை இப்படிப் பதிந்து வைத்திருந்தால், அவன் ஊரைவிட்டுப் போனாலும் கடைக்காரருக்குக் கவலை இல்லை.

சட்டைப்பையில் உள்ள சண்டை

இது ஏதோ பெரிய கம்பெனிகளின் தலைவலி என்று நினைத்துவிட வேண்டாம். சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசிக்குள்ளும் இதே கதைதான்.

கூகிள் கம்பெனியின் "ஆண்ட்ராய்டு" கைப்பேசிக்கு அடிப்படை, அந்த லினக்ஸ்தான். முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி 2008-ம் ஆண்டில் வந்தது. பேட்டரி சீக்கிரம் தீராமல் இருக்கக் கூகிள் லினக்சில் சொந்த மாறுதல்களைச் செய்திருந்தது. அந்த முறையை லினக்ஸ்காரர்கள் ஏற்கவில்லை. தாய் லினக்சில் சேர்ந்திருந்த ஆண்ட்ராய்டு பகுதிகளும் 2010-ம் ஆண்டில் வெளியேற்றப்பட்டன.

தாய் ஒரு வழி, மகள் ஒரு வழி!

பிறகு இரு தரப்பாரும் பேசினார்கள். 2012-ம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த லினக்ஸ் 3.3 பதிப்பில் ஆண்ட்ராய்டின் பல பகுதிகள் தாய்வீடு திரும்பின.

ஆனாலும் சங்கடம் தீரவில்லை. லினக்சைக் கூகிள் மாற்றும். அதைச் சிப்பு செய்யும் கம்பெனி மாற்றும். அதையும் கைப்பேசி செய்யும் கம்பெனி மாற்றும். மூலத்தில் ஓர் ஓட்டையை அடைத்தால், அந்தத் திருத்தம் மூன்று படி இறங்கி வர வேண்டும். ஒவ்வொரு படியிலும் சொந்த மாறுதல்களோடு மோத வேண்டும். சில கைப்பேசிகளுக்கு "அப்டேட்" தாமதமாக வருவதற்கும், சிலவற்றுக்கு வராமலே போவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

இதற்குக் கூகிள் ஒரு வழி கண்டது. நடுப்பகுதி எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அவரவர் சொந்தச் சரக்கு தனித் துண்டுகளாக வெளியே ஒட்டிக்கொள்ள வேண்டும். 2021-ம் ஆண்டில் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், 5.10-ம் அதற்குப் பிந்திய லினக்சும் கொண்டு வெளிவரும் புதிய கைப்பேசிகளுக்கு இது கட்டாயம் ஆயிற்று.

பிரிஸ்மா கம்பெனியின் பழைய தத்துவம்தான்! வந்த சரக்கு வேறு; சொந்தச் சரக்கு வேறு!

ஐந்து விதிகள்

வெளியாரின் புரோகிராமை வாங்கி, சொந்த மாறுதல் செய்பவர்கள் கைக்கொள்ளும் வழிகள் இவை:

1. கம்பெனி அனுப்பியதை அப்படியே ஒரு கிளையில் வைக்க வேண்டும். அங்கே ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது. ஒவ்வொரு பதிப்புக்கும் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும்.

2. சொந்த மாறுதல்களை வேறு கிளையில் செய்ய வேண்டும். ஒரு காரியத்துக்கு ஒரு பதிவு. பத்துக் காரியத்தை ஒரே பதிவில் மூட்டை கட்டக் கூடாது. ஏன் மாற்றினோம் என்று இரண்டு வரியாவது எழுத வேண்டும்.

3. புதிய பதிப்பு வந்தவுடன் சேர்த்துவிட வேண்டும். பத்துப் பதிப்பு சேரட்டும் என்று காத்திருந்தால் பத்து மடங்கு மோதல் வரும். தினமும் பெருக்கினால் குப்பை கொஞ்சம். வருஷத்துக்கு ஒரு நாள் பெருக்கினால் குப்பைமேடு!

4. எல்லாருக்கும் பயன்படும் திருத்தமாக இருந்தால், அதை மூலக் கம்பெனிக்கே அனுப்ப வேண்டும். அவர்கள் ஏற்றுக்கொண்டால் அடுத்த பதிப்பில் அதுவே வந்துவிடும். சுமக்க வேண்டிய பாரம் ஒன்று குறையும்.

5. சேர்த்த பிரதியை நேரே வேலைக்கு விடக் கூடாது. தனியே ஓட்டிப் பரீட்சை செய்த பிறகே விட வேண்டும்.

கரண்டி செய்த மாயம்

கடைசி விதிதான் மிகவும் முக்கியம். ஏன்?

மறுபடியும் ஊறுகாய்க் கதை!

அம்மாவிடம் இருந்து இன்னொரு கடிதம் வந்தது. அதில் ஒரே ஒரு புதிய வரி. "கரண்டி என்பது இனிமேல் பெரிய கரண்டி." அதற்கு ஏற்றபடி மிளகாய்த் தூளையும் எண்ணெயையும் அம்மா பாதியாகக் குறைத்து எழுதி இருந்தால், மகளின் வரிகளோடு மோதல் வந்திருக்கும். மகளும் விழித்துக்கொண்டு இருப்பாள். ஆனால் அம்மா அந்த அளவுகளை மறந்துவிட்டாள். புதிய வரியை மட்டுமே சேர்த்திருந்தாள்.

அந்த வரியை மகள் தொட்டதே இல்லை. ஆகவே மோதல் இல்லை. சீட்டுகள் அழகாகச் சேர்ந்துவிட்டன. மகளின் 5 கரண்டி மிளகாய்த் தூள், 5 பெரிய கரண்டி ஆயிற்று!

கணக்குப்பிள்ளை வரிகளைத்தான் பார்ப்பார். காரம் அவருக்குத் தெரியாது! வரிகள் சண்டை இல்லாமல் சேர்ந்துவிட்டன என்பதால் வேலை சரியாக நடக்கும் என்று நம்பிவிட முடியாது.

எக்விபாக்சின் கதவை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே தயாராக இருந்தது. அதை எங்கே பொருத்துவது என்று சொல்ல அங்கே சரியான ஏடு இல்லை. ஏடு இருக்கிற வீட்டில் திருத்தம் வந்த அன்றே வேலை தொடங்கிவிடும்.

ஆனால் மகள் செய்ததையும் மறக்கக் கூடாது. அவள் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊறுகாயைப் போட்டு, நாக்கில் தொட்டுப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. உடனே நோட்டைத் திருத்தினாள்.

மாப்பிள்ளை பிழைத்தார்!